சும்மா நிற்கும் டாங்கி

சங்கராபுரத்தில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "சின்ன வயசுல அண்ணனும் நானும் டிவில ஆடுவமே, அந்த டாங்கி கேம்ல நான் செத்ததே இல்ல, அண்ணி."

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"போன்ல அதே கேம் கெடச்சுது. ஒரு நிமிசம் தாக்குப்பிடிக்க முடியல. அப்பதான் புரிஞ்சுது, அண்ணன்தான் எனக்கு முன்னால நின்னு குண்ட வாங்கிக்கினு இருந்திருக்கான். நான் பெரிய ஆளுன்னு அவன்கிட்டயே பீத்திக்குவேன்."

"இப்பவும் பீத்தலுக்குக் கொறச்சல் இல்ல."

"சொல்லாம கல்யாணம் கட்டிக்கினேன், தப்புதான். அதுக்குன்னு இத்தினி வருசமா பேசாம இருப்பானா? நான் வந்தா வூட்டுல சேத்துக்குவானா, அண்ணி?"

 

அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "பரண்லேர்ந்து அந்தப் பழைய டிவி கேம எறக்கி வெச்சிருக்காரு. ரெண்டு பேர் ஆடுறதப் போட்டுக்கினு, ஒத்தையா ஆடுறாரு. உன் டாங்கி சும்மா நிக்குது. அதும்மேல குண்டு படாம இவரு சுத்திச் சுத்தி வராரு."

கள்ளக்குறிச்சியில் அண்ணி இறங்கினாள். உளுந்தூர்பேட்டைக்கு டிக்கெட் எடுத்திருந்தவளும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.