தீவில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள்

“அந்தமான்லயே இந்த பாஷை தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். நீயும் கப்பல் ஏறிட்டா எப்படி?”

கடைசி ஆளோடு மொழிகளே அழிந்துபோன இந்தத் தீவில் அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். போர்ட் பிளேரில், தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேக்குப் போகும் கப்பலுக்கான வரிசையில் எனக்கு முன்னால் இருவர். கேட்டவர் ஹார்டுவேர் கடைக்காரர். வேலை மாற்றலாகிப் போகிறவர் அவர் மனைவியின் தம்பி. மொழி, கம்ப்யூட்டர் மொழி. பெயர் நிம்.

“கடை புரோகிராமை எல்லாரும் படிக்கிற பாஷையில எழுதியிருக்கலாம்ல?”

“இது வேகமா ஓடும் மச்சான்.”

“ஓடுது. அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள எந்தச் சரக்கு தீரும்னு கேட்டா, பெயின்ட் தீரவே தீராதுங்குது. கடையில ஒரு டப்பாகூட இல்ல.”

“சின்னக் கோளாறுதான். பாடமெல்லாம் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்திருக்கேன்ல, படிங்க.”

“எல்லாம் இங்கிலீஷ். தமிழ்ல வீடியோ இல்லையா?”

“இல்ல. ஹிந்தில ஒருத்தர் ஆரம்பிச்சாரு, பாதியில நிறுத்திட்டாரு.”

“புஸ்தகம்?”

“இருக்கு. அந்தமானுக்கு டெலிவரி கிடையாதாம். மெயின்லேண்ட்ல இருந்து யாராவது வந்தா சொல்லி விடுங்க.”

“அதுவரைக்கும்?”

“அரே, நெட்ல அந்த பாஷைக்காரங்க குரூப் இருக்கு. கேளுங்க, நல்ல ஆளுங்க.”

“நேத்தே கேட்டேன். ஒரு வெள்ளக்காரர் உடனே பதில் போட்டாரு.”

“பாத்தீங்களா! என்ன சொன்னாரு?”

“போர்ட் பிளேர்லயே ஒரு கெட்டிக்காரர் இருக்காரு, நேர்ல போய்ப் பாருன்னு உன் பேரைப் போட்டிருக்காரு.”

கேட் திறந்தது. கெட்டிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டார்.