பிரிக்கக் கூடாத பை

– கதவைச் சாத்திட்டா சத்தம் வெளிய போகாதுன்னு நெனைக்கிறீங்களா, ஞானசேகரன் சார்? போகட்டும். பெங்களூர் பிரேசர் டவுன் முழுக்கக் கேக்கட்டும்.

– முதல்ல உக்காரு சிந்தியா. தண்ணி குடி. காலங்காத்தால லிங்கராஜபுரத்துலேர்ந்து ஸ்கூட்டியை விரட்டிக்கிட்டு வந்து இப்படிக் குதிச்சா எப்படிம்மா? வெளிய டைப்பிஸ்ட் பெட்டி வேலையை நிறுத்திட்டு நம்ம வாயையே பாத்துக்கிட்டிருக்கா.

– தண்ணியும் வேணாம், நாற்காலியும் வேணாம். நேத்து சாயங்காலம் ஹார்பர் கன்ட்ரோல் ரூம்லேர்ந்து தியோடர் போன் பண்ணானே, எடுத்தது நீங்கதானே?

– நான்தான். நீ கிளம்பிட்டே.

– என்ன சொன்னான்?

– கப்பலுக்கு எண்ணெய் ஏத்துற குழாய் வெடிச்சிடுச்சு, கடல்ல எண்ணெய் மிதக்குதுன்னான்.

– நிஜமா, ஒத்திகையான்னு கேட்டானா இல்லையா?

– கேட்டான். ஒத்திகையா இருந்தா நான் எப்படிச் சொல்றது? இந்த வாரம் திடீர் டிரில் வைக்கணும், எவனுக்கும் நாள் தெரியக் கூடாதுன்னு பிளான் போட்டதே நீதானேம்மா! நீ ஏற்பாடு பண்ண டிரில்தான் நடக்குதுன்னு நெனச்சேன். "எதுவா இருந்தா உனக்கென்ன, உன் வேலையைப் பாரு"ன்னேன்.

– அடடா! என்ன ஒரு பதில்! டிரில்லுக்கு நாம எண்ணெயா சார் ஊத்தறோம்? ரெண்டு மூட்டை பொரியைக் கடல்ல கொட்டிட்டு, இதான் எண்ணெய்னு வெச்சுக்கங்கன்னு சொல்றோம். பொரி கருப்பா இருக்குமா? நாறுமா?

– போன்ல நாத்தம் வருமா? நீயே சொல்லு.

– அங்க நின்னவங்க மூக்குக்கு வந்துச்சு சார். அவங்க மூக்கை நம்பல, நம்மளை நம்பினாங்க. பெங்களூர்க்காரங்க இந்தத் தடவ நிஜ எண்ணெயே ஊத்திட்டாங்க போலன்னு பேசிக்கிட்டாங்களாம். சைரன் ஊதினாங்க. எண்ணெயை வளைச்சுக் கட்டுற அந்த மிதவை வேலியைப் பையோட தூக்கிட்டு ஓடி வந்தாங்க. படகுத்துறை ஓரத்துல வெச்சு போட்டோ பிடிச்சாங்க. டீயும் வடையும் சாப்பிட்டாங்க. அப்புறம் பையைத் திரும்ப குடோன்ல வெச்சுப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் பையைப் பிரிக்கல!

– டிரில்ல பிரிக்கக் கூடாது. அதுதான் ரூல்.

– யார் போட்ட ரூல்?

– நான் போட்டதுதான். அது என்ன வேட்டியா, நனைச்சு உதறிக் காயப் போட? ஒரு தடவ கடல்ல இறக்கினா கழுவி, காய வெச்சு, மறுபடி மடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடும்.

– மூணு வருஷமா நனையாத வேலி! நீச்சல் கத்துக்கிட்டுத்தான் தண்ணியில இறங்குவேன்னானாம் ஒருத்தன். அந்தக் கதைதான்.

– பேஜார் பண்ணாதே சிந்தியா. நாம கால் வைக்கறதுக்கு முன்னாடி அந்த ஹார்பர் எப்படி இருந்துச்சு? மறந்துட்டியா? கப்பல் கழுவின அழுக்கை அப்படியே கடல்ல விட்டுக்கிட்டிருந்தான். நிலக்கரித் தூசி பள்ளிக்கூடம் வரைக்கும் பறக்கும். மூணு வருஷம் முன்னாடி, ரெண்டாயிரமாவது வருஷம், முதல் சுற்றுச்சூழல் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தோமே, சும்மாவா கொடுத்தோம்? டிரம் வெச்சது யாரு, வலை கட்டினது யாரு, மரம் நட்டது யாரு?

– நாமதான். நானும் வெயில்ல நின்னேன் சார். அதனாலதான் இப்ப வயிறு எரியுது. எதுவுமே செய்யாம ஏமாத்தியிருந்தா இவ்வளவு கோவம் வராது.

– ஏமாத்தறதுன்னெல்லாம் பெரிய வார்த்தை பேசாதே.

– ராத்திரி கடல் ஏறினப்ப எண்ணெய் ஆத்துக்குள்ள பூந்துடுச்சு. தியோடர் வீடே அந்த ஆத்தோர மீனவக் குப்பத்துலதான் இருக்கு. விடிகாலையில அவங்க அம்மா நண்டு வலையைத் தூக்கினா, தார் டின்னுல முக்கி எடுத்த மாதிரி வருதாம். மத்தியானம் மறுபடி கடல் ஏறும். அதுக்குள்ள ஆத்து வாய்க்குக் குறுக்க வேலி கட்டிட்டா ஆத்துல மீதியாவது பொழைக்கும். கட்டலைன்னா அந்தச் சனங்க நண்டுக்கும் மீனுக்கும் எங்க போவாங்க?

– கட்டச் சொல்ல வேண்டியதுதானே, என்னை ஏன் பிடிச்சு உலுக்கறே?

– தெரியாத மாதிரி நடிக்காதீங்க. பையில இருக்கற சீல் முத்திரையை உடைக்கணும்னா ஒண்ணு ஹார்பர் சேர்மன் சொல்லணும், இல்லன்னா நீங்க சொல்லணும்னு எழுதி வெச்சிருக்கீங்க. சேர்மன் டெல்லிக்குப் போயிருக்கார். எதுக்குத் தெரியுமா? சுத்தமான துறைமுகம்னு அவார்டு வாங்க!

– கேளும்மா. நேத்து நடந்தது டிரில்னே ரெக்கார்டுல இருக்கட்டும். அடுத்த வாரம் ஆடிட்டர் வரார். சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கணும். அது கைவிட்டுப் போச்சுன்னா இந்த ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். பெட்டி, மஞ்சுநாத், நீ, நான், எல்லார் வீட்டு அடுப்பும் இதுலதான் எரியுது. ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.

– பஸ்ஸுல சீட்டுக்குச் சொல்லுங்க சார் அதை. கடலுக்குச் சொல்லாதீங்க.

– சரி, உன் வழிக்கே வரேன். சென்னையிலேர்ந்து வேற வேலி ஒண்ணு லாரியில ஏத்தி அனுப்பச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். அந்தப் பையை மட்டும் தொட வேணாம்.

– லாரி எப்பப் போய்ச் சேரும்?

– நாளைக்கு.

– வீட்டுல நெருப்புப் பிடிச்சா, கொல்லையில கிணத்தை வெச்சுக்கிட்டு அடுத்த ஊருக்குக் குடம் எடுத்துட்டுப் போவாங்களா? ஒரு வேலி அங்கயே கிடக்குது சார், குடோன்ல! உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?

– வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசு.

– எந்த மரியாதை? போன வருஷம் குப்பத்து மாதா கோயில் வாசல்ல அந்த ஊர்ப் பொம்பளைங்க முன்னாடி என்னைத்தானே பேச விட்டீங்க? "பயப்படாதீங்கம்மா, ஹார்பர்ல வேலி இருக்குது, ஒரு சொட்டு எண்ணெய் உங்க ஆத்துக்குள்ள வராது"ன்னு என் வாயால சொன்னேன். தியோடர் வீடு வீடாப் போய் அதையே சொன்னான். இன்னிக்கு அவனைத்தான் ஊரை வித்தவன்ங்கறாங்க. கன்ட்ரோல் ரூமைச் சுத்தி நின்னுக்கிட்டு, அவனை வெளிய விடல.

– போலீஸ் வந்து கலைச்சு விடும்.

– போலீஸ் வந்தா யாரை இழுத்துட்டுப் போகும்? உங்களையா? சம்பளத்துக்கு சைரன் ஊதினவனைத்தானே! இதோ, இப்பவே அவனுக்குப் போன் போடறேன். உங்க வாயாலயே சொல்லுங்க.

– வேணாம் சிந்தியா. போனை வை. நான் சொல்றேன்ல, வை!

– கையை எடுங்க சார்! எடுங்க! ஹலோ, தியோடரா? சிந்தியா பேசறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், சார் என் எதிர்லதான் இருக்கார். சொல்லு.

– மேடம், நல்ல நேரத்துல பேசுனிய. சார், கும்பிடுதேன் சார்.

– என்னப்பா அங்க ஒரே கூச்சல்?

– ஊர்ச்சனம் சார். வாசலை மறிச்சுக்கிட்டு நிக்காவ. எங்க அம்மையும் நிக்கா. ரெண்டு பேரு கதவை ஒடைச்சு உள்ளயே வந்துட்டாவ. நேத்தே கேட்டேன்லா சார், நெசமா ஒத்திகையான்னு? ஒரு வார்த்த சொல்லிருந்தியன்னா இந்தக் கதி வந்திருக்காதுல்லா.

– எனக்குப் புரியுதுப்பா. கொஞ்சம் பொறுமையா இரு.

– பொறுத்துப் பொறுத்துத்தான் சார் ஆறு கறுத்துப் போச்சு. இப்பமாவது சொல்லுங்க. குடோன் சாவி என் கையில இருக்கு. நீங்க நெசம்னுட்டா சீலை அறுத்து, நாலு வள்ளத்துல வேலியை இழுத்துட்டுப் போயி ஆத்து வாயில கட்டிருவேன். பயலுவ எல்லாம் தயாரா நிக்கானுவ. நான் ஊரை விக்கலன்னு அவியளுக்கும் தெரியணும் சார்.

– சொல்லுங்க சார். நிஜம்ங்கற ஒரு வார்த்தை. அதுக்குமா வாய் வலிக்குது?

– சிந்தியா...

– என் பேரைச் சொல்லாதீங்க. அதைச் சொல்லுங்க!

– நிஜம்தான். ஒத்துக்கறேன். நேத்து நடந்தது நிஜம்தான், தியோடர்.

– கேட்டியா தியோடர்? போ, சீலை அறு!

– இந்தா போறேன் மேடம்.

– அறுக்காதே! தியோடர், நில்லு! அறுக்காதேப்பா!

– இன்னும் என்ன சார்? அந்தப் பாழாப்போன சர்டிபிகேட்டா?

– சர்டிபிகேட் கிடக்குதும்மா. அறுத்துப் பிரயோஜனமில்ல. உள்ள வேலி இல்ல.

– என்ன உளறல் இது?

– உளறல. வைக்கோல். பை நிறைய வைக்கோல்தான் அடைச்சிருக்கு. முதல் ஆடிட் வந்தப்ப வேலி வந்து சேரல. இப்போதைக்குப் பையைக் காட்டுவோம், அடுத்த மாசம் வாங்கிடறோம்னு ஹார்பர்காரங்க சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன். அடுத்த மாசம் அந்தப் பணத்துல ஹார்பர் வாசல்ல அலங்கார வளைவு கட்டினாங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? எவனும் பிரிச்சுப் பாத்துடக் கூடாதேன்னுதான் அப்படி ஒரு ரூல் போட்டேன்.

– பாவி! இது தெரிஞ்சே என்னைக் கோயில் வாசல்ல நிக்க வெச்சீங்களா? மூணு வருஷமா வைக்கோலுக்கா சார் போட்டோ பிடிச்சோம்?

– திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. சென்னை வேலியை எப்படியாவது வரவழைச்சிடறேன். தியோடர், நீ நல்ல பையன்ப்பா. உன் வேலைக்கு நான் பொறுப்பு. இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும், என்ன? ஹலோ? என்னப்பா, திடீர்னு அங்க சத்தத்தையே காணோம்?

– எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்காவ சார். ஒங்க வாயாலயே நெசம்னு அவிய கேக்கட்டும்னு, நானும் இங்க ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன்.