எட்டாம் நம்பர் போல்ட்டு

இல்ல மேடம், அந்த சென்டருக்குத் திரும்பப் போவ முடியாது. எம்பொண்ணு ஒம்போது நாளுதான் போச்சி, அதோட முடிஞ்சிபோச்சி. நீங்களும் முடியாதுன்னுட்டா எம்பொண்ணுக்கு வேற எடமில்ல. அதான் நானே சொல்லிர்றேன். நாளைக்கு எவனாவது வந்து உங்ககிட்ட சொன்னா, குப்புராஜ் மறைச்சிட்டான்னு ஆவக்கூடாது பாருங்க.

பேரு வெண்ணிலா. அஞ்சு வயசு. மூணு வயசுலதான் நடந்துச்சி. கை கீது, வெரல் கீது, எதையும் கெட்டியாப் புடிக்காது. ஸ்பூனக் குடுத்தா அப்டியே உட்ரும். யாராவது தொட்டா தெருவே கேக்கற மாதிரி கத்தும். எம்பொஞ்சாதி ஞானாம்பாதான் விசாரிச்சிகினு வந்து, மேற்குத் தாம்பரத்துல இந்த மாதிரிப் புள்ளைங்களப் பாக்கற அந்த சென்டர்ல சேத்தா. நான் போவல. ஒரு கம்பெனிக்காரன் நாப்பது பேர வெளிய நிறுத்திட்டான், நான் கம்பெனி கேட்டாண்ட போராட்டப் பந்தல்ல உக்காந்துகினு இருந்தேன்.

நானா? யூனியன்காரன். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எவன வேணா கேளுங்க, சொல்லுவான். பெருமைக்குச் சொல்லல. ஆறாவதுதான் படிச்சேன், மீதியெல்லாம் நோட்டீஸ் படிச்சி வந்த அறிவு. அப்பறம் நானே எழுத ஆரம்பிச்சேன். தொண்ணுத்திநாலுல அங்க ஒரு பட்டறை. ஷட்டர எறக்கி உட்டுட்டு, உள்ள பதினோரு சின்னப் பசங்க தரையில குந்திகினு நட்டு போல்ட்டு கோத்துகினு கீதுங்க. கேட்டா மொதலாளி சொல்றான், வேல இல்லப்பா, ட்ரெயினிங்குன்னு. கடப்பாறையால ஷட்டர ஒடச்சேன். போலீஸ்காரன் இந்தக் காதுல லத்தியால போட்டான். இன்னிக்கும் இது கேக்காது. அந்தப் பசங்களா? ரெண்டு பேரு இப்ப சூப்பர்வைசர். ரோட்ல பாத்தா தலயத் திருப்பிக்கறானுங்க. அத்த உடுங்க.

அன்னிக்கு ஞானாம்பாளுக்கு ஜொரம். புள்ளையக் கொண்டுபோய் உட்டுட்டு வந்து படுத்துட்டா. கூட்டியார நான் போனேன். ஜன்னல் வழியாப் பாக்கறேன். குட்ட மேஜ. அலுமினிய ட்ரே நெறைய நட்டு, போல்ட்டு. எட்டாம் நம்பர் சைசு. எனக்குத் தெரியாதா? நாலு கொழந்தைங்க கோக்குதுங்க. வெண்ணிலா கத்துது. ஷ்யாம்சுந்தர்னு, அங்க சொல்லிக்குடுக்கறவரு, சின்ன வயசு, அவுரு வெண்ணிலா மணிக்கட்டப் புடிச்சிகினு கீறாரு.

உள்ள பூந்து, எவன் கம்பெனி ஜாப் ஒர்க்குடா இதுன்னேன். அவுரு சிரிச்சிகினே, ட்ரெயினிங் சார்னாரு.

அந்த ஒரு வார்த்த போதும் எனக்கு.

ட்ரேயத் தூக்கி மூஞ்சிலயே உட்டேன். மூக்கு ஒடஞ்ச சத்தம் நல்ல காதுல கேட்டுச்சி. மேஜய எட்டி ஒதச்சேன். கீழ வுழுந்த மனுசன சட்டையப் புடிச்சித் தூக்கி, செவுத்துல வெச்சி, பச்சப் புள்ளைங்க ரத்தத்த உறிஞ்சறியாடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். நான் நோட்டீஸ்ல எழுதுன அதே வசனம். பல்லு ரெண்டு போச்சி. ஆயாம்மா வந்து கட்டிப் புடிச்சிது, அத்தயும் தள்ளிட்டேன்.

பயப்படாதீங்க மேடம். உக்காருங்க. இப்ப இந்தக் கை யார் மேலயும் போவாது.

அவுரு கேசே குடுக்கல. மூக்குல பஞ்சு வெச்சிகினு எஸ்.ஐ. கிட்ட சொல்றாரு. வெரலுக்கு பலம் வர்றதுக்குத்தான் அந்த நட்டு போல்ட்டாம். டைம் முடிஞ்சிதுன்னு நட்ட வாங்கப் போனாராம், வெண்ணிலா தரமாட்டேன்னு கத்துச்சாம். அஞ்சு வருசத்துல மொத தபா ஒரு பொருளப் புடிச்சிகினு, என்னுதுன்னு கத்தியிருக்குது. தானா ரெண்டு சுத்து வேற சுத்திச்சாம்.

எந்த மொதலாளிகிட்டயும் நான் மன்னிப்பு கேட்டதில்ல. அவுருகிட்ட கேட்டேன். அவுரு சரின்னாரு. மத்தப் புள்ளைங்கள பெத்தவங்க ஒத்துக்கல. அவங்க மேல இன்னா தப்பு?

இங்க நான் உள்ளயே வரமாட்டேன் மேடம். ஞானாம்பா வரும். நான் கேட்டுக்கு வெளிய நிப்பேன், அது எனக்குப் பழக்கந்தான். சேத்துக்குவீங்களா?

திங்கக்கெழமையா? ரொம்ப நன்றி மேடம். ஆனா அன்னிக்கு முடியாது. இன்னும் மூணு வாரம் ஆவும், மாவுக்கட்டு பிரிக்கணும். வலது கை. நான் ஒதச்ச மேஜ வெண்ணிலா கை மேலதான் வுழுந்திருக்குது. தூக்கிப் பாக்கறோம், வெரலு மூணு நசுங்கிகினு கீது. நட்ட மட்டும் உடல.