காது மட்டும்

பப்பாளி என்றால் அதற்கு உயிர். வாழைப்பழத்தைக் கொத்திப் பார்த்துவிட்டுக் கீழே தள்ளிவிடும். அந்த மைனாவோடு வளர்ந்தவள் நீ, உனக்குத் தெரியாததா. கூண்டோடு எடுத்துக்கொண்டு போ. ஆனால் மழை விடட்டும். இந்தத் தைப்பிங் ஊர் மழை யாருக்காகவும் அவசரப்படாது.

உன் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி விலாசம் கொடுத்ததாகச் சொன்னாய். மைனாவை எடுத்துப்போன பொம்பளை என்று மட்டும் தெரிந்து வந்திருக்கிறாய். கேட்டுக்கு வெளியே நின்று பேச முடியாமல் விம்மினாய். நான் "மெதுவா பேசும்மா, எனக்கு நேரம் இருக்கு" என்றேன். வேண்டுமென்றே சொல்லவில்லை. மனம் நொந்தவர்கள் கூப்பிடும் ஆறுதல் தொலைபேசியில் உட்கார்ந்த நாளிலிருந்து அழுகிற யாரிடமும் முதலில் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். உன் முகம் மாறியது. "ரீத்தா அக்கா?" என்றாய்.

ஆமாம். என் பெயர் புஷ்பாவதி. தொலைபேசியில் ரீத்தா. அங்கே யாரும் சொந்தப் பெயரில் பேசுவதில்லை. சம்பளம் கிடையாது. நில அலுவலகத்தில் ஓய்வு பெற்றபின் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சேர்ந்தேன். தமிழில் பேச, செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் நான் ஒருத்திதான்.

பொறுப்பாளர் சோங் அம்மா பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார். "புஷ்பா, நாம காது மட்டும்தான். கை கெடையாது, கால் கெடையாது. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோக வாயும் கெடையாது." நான் அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

முதலில் கூப்பிட்டது உன் அம்மா. என்ன வேண்டும் என்று சொல்லவே தெரியவில்லை. "இது கஷ்டத்துல இருக்கறவங்க பேசற எடந்தானே? எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. வீட்டுலதான் சத்தமே இல்ல" என்றாள். அப்போது பின்னால் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "பாப்பா, வந்துட்டியா?" யாரம்மா என்றேன். "மைனாம்மா. ஃபேக்டரி பஸ்ல எம் மக வந்து எறங்கற நேரம். நான் கேக்கறதக் கேட்டுக் கேட்டு அது கத்துக்கிச்சு. அவ போயி மூணு தீபாவளி ஆச்சு, இந்தச் சனியன் தெனம் கேக்குது."

நீ போன கதையையும் சொன்னாள். மனைவியை விட்டு வந்த லாரிக்காரன், வாசலில் நடந்த சண்டை, "செத்தாலும் இந்த வாசல மிதிக்காத" என்று தான் சொன்னது. "அந்தச் சொல்ல முழுங்க முடிஞ்சா முழுங்கிடுவேன் ரீத்தா. முள்ளா நிக்குது."

பிறகு நீ கூப்பிட்டாய். தெற்குக் கோடியில் ஜொகூரிலிருந்து. ஊர்க்காரக் குரல் ஒன்றைக் கேட்டால் போதும் என்றாய். பெயர் சொல்லவில்லை. லாரிக்காரனைப் பற்றிச் சொன்னாய், அவன் கையைப் பற்றிச் சொன்னாய், கிளம்ப நினைத்தாலும் போக ஓர் இடம் இல்லை என்றாய். கடைசியில் சிரிக்கப் பார்த்தாய். "எங்க வீட்டுல ஒரு மைனா இருந்திச்சுக்கா. நான் வந்தா 'பாப்பா, வந்துட்டியா'ன்னு கேக்கும். அது கேட்டா போதும்லா, நான் நடந்தே வந்துருவேன். ஆனா அம்மா கதவத் தொறப்பாங்களா? தொறக்கலன்னா அதுக்கப்புறம் நான் இருக்க மாட்டேன்கா."

என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது நினைவிருக்கிறது. உனக்கு நான் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. சத்தியமாக அன்று நான் பொய் சொல்லவில்லை. "அம்மா மனசுல என்ன இருக்குன்னு நான் எப்படிம்மா சொல்ல முடியும்?" என்றேன். வாய் கிடையாது அல்லவா. விதி.

ஆனாலும் எனக்கு மனம் இல்லாமல் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விதியை மீறி உன் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் அன்று சந்தோஷமாக இருந்தாள். கனவில் நீ வந்தாயாம். "பாப்பா மட்டும் வந்துட்டான்னா, நான் ஏன் ரீத்தா ஒங்களப் போட்டுத் தொந்தரவு பண்ணப் போறேன்? இந்தப் போனையே தொட மாட்டேன்" என்றாள்.

நன்றியோடு சொன்னாள். நான் நாக்கு நுனியில் வைத்திருந்ததை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, கூப்பிடுகிறவர்கள் கேட்பதில்லை. நான் வளர்ந்தது அண்ணன் வீட்டில். அலுவலகத்திலிருந்து எந்த நேரத்தில் திரும்பினாலும் அந்த வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். உன்னை அந்த மைனா எத்தனை ஆயிரம் முறை கேட்டிருக்கும். நீயோ எழுந்து போனாய்.

அதன்பின் எல்லாம் சுலபமாக இருந்தது. நீ கேட்கும்போது, "சில அம்மாங்களுக்கு ஆறதுக்கு நேரமாகும்மா" என்றேன். அவள் உன்னைத் தேடிக் கிளம்ப நினைத்தபோது, "தொரத்தினா இன்னும் தூரமா ஓடும்மா, அதுவா வரட்டும்" என்றேன். இரண்டுமே நல்ல வார்த்தைகள். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் பலித்திருக்கும். நீங்கள் இருவரும் என் பேச்சைக் கேட்டீர்கள். அம்மாவும் பெண்ணும் அப்படியே ஒரே ஜாடை, நம்பிவிட்டால் நம்பியதுதான்.

அந்த வருஷம் உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். உன் வயிற்றில் இருந்தது நிலைக்காமல் போனதை நீதான் சொன்னாய். நானும் உன்னோடு அழுதேன். அது நடிப்பில்லை.

உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததைப் போனில் சொன்னபோது விலாசம் கேட்டு வாங்கி, நான் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கால் கிடையாதுதான், போனேன். கதவைத் திறந்தவள் நான் பேசியதும் கண்டுபிடித்துவிட்டாள். "அடி ரீத்தா, நீயா! போன்ல கேட்டா கொமரி மாதிரி இருக்கே, பாத்தா என்னைவிட நரை!" என்று சிரித்தாள். பிறகு நான் தினமும் போனேன். மைனா என்னைப் பார்த்துக் கேட்க ஒரு மாதம் ஆயிற்று. அன்று நான் சமையற்கட்டுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பிறகு சர்க்கரை காலுக்கு வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. அந்த வாரம்தான் நீ கூப்பிட்டு, "பஸ் டிக்கெட் வாங்கட்டாக்கா? வெரட்டினா வெரட்டட்டும்" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு துணிச்சலை நான் அதுவரை கேட்டதில்லை. பயந்துபோனேன். "தீபாவளி முடியட்டும்மா, நல்ல நாளும் அதுவுமா வேணாம்" என்றேன். "சரிக்கா" என்றாய்.

மறுநாள் அவள் என் கையைப் பிடித்தாள். "ஒங்க ஆளுங்களுக்குத்தான் எல்லா ஊர்லயும் போன் இருக்கே. எம் புள்ளயத் தேடிச் சொல்லேன். அந்தச் சொல்ல நான் திரும்ப எடுத்துக்கிட்டேன்னு மட்டும் சொல்லு, போதும்."

நீ இதைத்தானே கேட்க வந்தாய், அம்மா கடைசியில் ஏதாவது சொன்னாளா என்று. சொன்னாள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாள். இப்போது உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

மிச்சத்தையும் சொல்கிறேன். அன்று சாயங்காலம் திரும்பிப் போய் அவள் காதருகே குனிந்து, "தேடிப் புடிச்சுப் பேசிட்டேம்மா. வர முடியாதுன்னு சொல்லிட்டா" என்றேன். அவள், "சரி. நீ இருக்கியே" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் போகும்போது கை என் கையில்தான் இருந்தது. தனியாகப் போகவில்லை, அந்த ஆறுதல் உனக்கு இருக்கட்டும்.

அழு, ரூபிணி. அடக்காதே. நான் காது மட்டும்தான்.

மழை விட்டுவிட்டது. கூண்டை மூடிய துணியை நீயே எடுத்தாய். மைனா தலையைச் சாய்த்து உன்னைப் பார்த்தது, "பாப்பா, வந்துட்டியா?" என்றது, உன் அம்மாவின் குரலிலேயே. நீ வாயைத் திறந்தாய். அதற்குள் நான், "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன். பழக்கம். மன்னித்துக்கொள்.

பார்த்துப் போ, படி வழுக்கும். மனசு தாங்கவில்லை என்றால் கூப்பிடு, எண் உனக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் நான்தான் இருப்பேன்.