சுவரில் நிற்காத ரொட்டி

— இதுவும் விழுந்துடுச்சு அஸ்ரோர். தணல்ல கிடந்து கருகுது.

— பொறுங்க ஜெபினிஸோ அக்கா. மாவு எப்பவும் பிசையற மாவுதானே?

— அதே மாவு, அதே தந்தூர் அடுப்பு, அதே கை. புதுசா வந்தது மாவுல குத்த நீ செஞ்சு குடுத்த ஆணி வச்ச ரொட்டி அச்சு ஒண்ணுதான்.

— பொறுங்க. அதுலயும் கட்டை மட்டும்தான் புதுசு. ஆணியெல்லாம் உங்க பழைய அச்சுல இருந்து பிடுங்கினது. ஒண்ணைக்கூட வெட்டலை.

— அப்புறம் ஏன் நடுவுல பலூன் மாதிரி உப்பி, அடுப்புச் சுவத்தை விட்டுட்டு விழுது?

— அதான் புரியலை. ஆணி குத்தின வழியா ஆவி போகணும். போனா ரொட்டி தட்டையா ஒட்டிக்கிட்டு நிக்கணும். குத்தும் அழகா பூ மாதிரி விழுந்திருக்கு.

— அழகை வச்சு என்ன பண்ண? மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. பெரியவங்க ரொட்டியைப் பிய்ச்சாத்தானே என் பொண்ணுக்கு நிச்சயம்? மிச்சம் இருக்கறது ரெண்டு உருண்டை மாவு.

— கடையில வாங்கினா?

— ரொட்டி சுட்டு விக்கிறவ வீட்டு நிச்சயத்துக்குக் கடை ரொட்டியா? அந்த மாமியார் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவா.

— பூ போடச் சொன்னது நீங்கதான்.

— ஒரு பூன்னு சொன்னேன். நீ தோட்டமே போட்டுட்டே.

— இதழ் இதழா எழுப்பியிருக்கேன்க்கா. இப்படி ஒண்ணு நான் செதுக்கினதே இல்லை.

— உள்ள என் பொண்ணு அழுதுட்டிருக்கா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

— பொறுங்க. ஒரு உருண்டையைத் தட்டி அச்சைக் குத்துங்க. ஆங். இப்போ கவுத்துக் காட்டுங்க.

— ரொட்டியைக் கவுக்கவா? நல்ல நாள் அதுவுமா? கிறுக்குப் பிடிச்சுடுச்சா உனக்கு?

— இன்னும் மாவுதானேக்கா.

— மாவோ ரொட்டியோ, என் வீட்டுல யாரும் கவுத்ததில்லை. அடிப்பக்கத்தை நானே பாத்ததில்லை.

— சரி, கவுக்க வேணாம். உயரத் தூக்கிப் பிடிங்க. நான் கீழ குனிஞ்சு பாக்கறேன்.

— என்ன தெரியுது?

— ஒண்ணும் தெரியலை.

— போச்சு. அவ்வளவுதான்.

— இல்லக்கா, ஒரு ஓட்டைகூடத் தெரியலை. மேல குத்தினது கீழ வரவே இல்லை. அந்த அச்சைக் குடுங்க. பையில உளி இருக்கும், அதையும்.

— அடப்பாவி, பூவை ஏன்டா சீவறே?

— பொறுங்க. ம்... இப்போ குத்துங்க. தூக்கிப் பிடிங்க.

— தெரியுதா?

— எல்லா ஓட்டையும் தெரியுது. நான் மேடா எழுப்பின இதழ்தான் மாவுல முட்டி ஆணியை இறங்க விடாம நிறுத்தியிருக்கு; கட்டையை மொட்டையா சீவியாச்சு, இனி ஆணி அடிவரைக்கும் இறங்கும், ரொட்டி விழாது.