உறுதியான ஓட்டு

இன்னும் கொஞ்சம் இழு மிஸ்டி, அந்த சீட் பெல்ட் அப்படித்தான் சண்டித்தனம் பண்ணும். ம், மாட்டிக்கிச்சா? பையை மடியிலயே வச்சுக்கோ, பின் சீட்டு பூரா நாய் முடி. ஐயோ, எனக்கென்ன சிரமம்? உன் கார் கிளம்பலைன்னு கட்சி ஆபீஸ்லேருந்து யாரோ ஒருத்தன் போன் பண்ணான். லொரெய்ன், நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க, அவங்களைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போய் விட்டுருங்கன்னான். சும்மாதானே இருக்கீங்களாம்! கேட்டியா கூத்தை? இந்த வார்டுக்கு இருபது வருஷத்துக்கு மேல பொறுப்பாளரா இருந்தவளைப் பார்த்துச் சொல்றான், நேத்து வந்த பய.

கெண்ட்ராவா? அவ எங்க எனக்குப் போன் பண்ணப் போறா. அவதான் இப்ப வார்டுப் பொறுப்பாளர், பெரிய ஆளும்மா.

உன்னை வந்து பார்த்தாளாமே? எத்தனை தடவை? நாலு தடவையா! அடேங்கப்பா. பூசணிக்கா பிரெட் வேற கொண்டாந்தாளா? அவளே சுட்டதா? சுட்டிருப்பா, சுட்டிருப்பா. உள்ள வால்நட் போட்டிருந்துச்சா? மேல லேசா பட்டை வாசம்? ம், என் பக்குவம்தான். இல்ல, சும்மா கேட்டேன்.

கோவிச்சுக்காதே, ஒண்ணு கேக்குறேன். நீ கடைசியா எப்ப ஓட்டுப் போட்டே? ஜனாதிபதி தேர்தலுக்கா? சரி, அதுக்கு நடுவுல ரெண்டு வருஷத்துல வர்ற இந்தத் தேர்தலுக்கு? ஒரு தடவை கூட இல்லையா? தப்புன்னு சொல்லலம்மா. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுக்கறவ, உனக்கு ஆயிரம் வேலை. ஊர்ல பாதிப் பேர் உன்னை மாதிரிதான். ஓட்டுச் சீட்டுல ஜனாதிபதி பேர் இல்லேன்னா நம்ம ஜனங்களுக்குக் கால் நகராது. நான் அப்படி இல்ல. பள்ளிக்கூட போர்டு தேர்தலுக்குக் கூட, ஊசி மாதிரி ஐஸ் மழை கொட்டறப்ப, கம்பூன்றிப் போய்ப் போட்டவ நான். எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பிரெட் சுட்டுக் குடுத்ததில்ல.

சரி, டிவி பார்த்தியா? இந்தத் தடவை நம்ம அலையாம். ஆளுற கட்சிக்கு நடுத் தேர்தல்ல அடி விழும், இப்பவும் விழும்னு கோட்டு மாட்டினவன் ஒவ்வொருத்தனும் படம் போட்டுக் காட்டுறான். எனக்கு அந்த அலைங்கற வார்த்தையைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். அலைன்னு காதுல விழுந்ததும் நம்மாளு என்ன பண்ணுவான் தெரியுமா? அதான் ஜெயிக்கப் போறோமேன்னு சோபாவுல சாஞ்சுடுவான். அந்தப் பக்கத்துக்காரன் பயந்துபோய் மாமியார் முதக்கொண்டு வண்டில ஏத்திட்டு வருவான். முன்ன ஒரு தடவை இப்படித்தான், மாநில சபை சீட்டு நமக்குத்தான்னு ராத்திரிக் கொண்டாட்டத்துக்குக் கேக்கெல்லாம் சொல்லி வச்சாச்சு. கடைசில ஒரு சர்ச் பெஞ்சுல உக்காரற அளவு ஆளுங்க வரலை, தோத்துட்டோம். அந்தக் கேக்கை நான் ஒரு வாரம் தின்னேன்.

இந்தத் தடவையும் அதே சீட்டுதான் இழுபறி. டிவிக்காரனுக்கு என்ன தெரியும்? இந்தத் தெருவுல யாரு வருவா, யாரு வர மாட்டான்னு எனக்குத் தெரியும்.

கெண்ட்ராவுக்கும் தெரியுமா? நல்ல கேள்வி. தெரியும். எப்படித் தெரியும்னு கேளு. பிட்ஸ்பர்க் டவுன்லேருந்து புருஷனோட இங்க வந்தப்ப அவளுக்கு, ஓட்டுக் கேக்க ஒரு வீட்டு வாசல்ல எப்படி நிக்கணும்னு கூடத் தெரியாது. கதவை ஒட்டி நிப்பா, திறக்கறவங்க பயந்துடுவாங்க. ரெண்டு எட்டு பின்னாடி தள்ளி நில்லுன்னு சொன்னது நான். பாக்கெட்ல நாய் பிஸ்கட் வச்சுக்கோ, புல்லுல குறுக்க நடக்காதே, மான் வேட்டைக்குக் கிளம்பிட்டு இருக்கறவன்கிட்ட அரசியல் பேசாதேன்னது நான். அவ பூட்ஸ் ஓட்டையா இருக்குன்னு என் பூட்ஸையே குடுத்தேன். அப்பல்லாம் தினம் சாயந்திரம் போன் பண்ணுவா. லொரெய்ன், இன்னிக்கு ஒருத்தன் என்ன சொன்னான் தெரியுமான்னு ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடும். எனக்குன்னு வீட்ல யாரு இருக்கா? நானும் நாயும்தான். அந்தப் போன் மணி அடிக்கறதுக்காகவே டிவியைச் சத்தம் கம்மியா வச்சிருப்பேன்.

அப்புறம் எனக்கு முட்டி ஆபரேஷன். நீ ரெஸ்ட் எடு, இந்த ஒரு சீசன் மட்டும் கெண்ட்ரா பார்த்துக்கட்டும்னு சொன்னாங்க. அந்த ஒரு சீசன்தான் இன்னும் முடியலை. பியரோகிக் கொழுக்கட்டை விருந்து வச்சு, கேடயம் குடுத்து, கை தட்டி அனுப்பிட்டாங்க.

போன மாசம் தொழிலாளர் யூனியன் ஹால்ல கூட்டம். கெண்ட்ரா எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு நின்னு சொல்றா, நம்ம வார்டுல இதுவரைக்கும் வராத கூட்டத்தை இந்தத் தடவை நான் கொண்டாந்து காட்டுறேன்னு. ஹால் அதிருது. மாவட்டத் தலைவர் ஹாரிஸ் இருக்காரே, அவர் அவ தோளைத் தட்டி, இப்பத்தான் இந்த வார்டுல வேலைன்னு ஒண்ணு நடக்குதுங்கறாரு. இப்பத்தானாம்! நான் பின்னாடி காபி ஊத்திட்டு நிக்கறேன் மிஸ்டி. பாதி காபி மேஜையில போச்சு. ஒருத்தர் கூடத் திரும்பிப் பார்க்கலை. அவளும்தான்.

என்ன, அப்படிப் பார்க்கறே? பொறாமைன்னு நினைக்கறியா? ஆமா, பொறாமைதான். இதுல மறைக்க என்ன இருக்கு? வயிறு எரியுது. அவ மேல மட்டுமில்ல, உன் மேலயும்தான். நாலு தடவை! போர்ச்சுல உக்காந்து பேசினாளா? உன் பொண்ணு ஸ்கூலைப் பத்தியெல்லாம் விசாரிச்சாளா? ம்ம். நல்லாத்தான் விசாரிப்பா, அவ கேக்கற விதமே தனி.

தோ, ஓட்டுப் போடற தீயணைப்பு ஹால் வந்துடுச்சு. அம்மாடி, எவ்வளவு வண்டி பாரு! நடுத் தேர்தலுக்கு இந்த நேரத்துல இவ்வளவு வண்டியை நான் பார்த்ததே இல்ல. செஞ்சு காட்டிட்டாளே பாவி. உள்ள கறி உருண்டை போட்ட வெட்டிங் சூப் விப்பாங்க, ஓட்டுப் போட்டுட்டு ஒரு கப் வாங்கிக் குடி, குளிருக்கு நல்லாருக்கும். அந்த மஞ்சத் தொப்பி தெரியுதா, கட்சிக்காரங்க தாண்டக் கூடாத கோட்டுக்கு வெளியில போற வர்றவங்களையெல்லாம் கட்டிப் பிடிச்சிட்டு? அவதான். உன்னைப் பார்த்தா ஓடி வருவா பாரு.

இல்ல, கிட்ட கொண்டு போய் நிறுத்தலை. இப்படி ஓரமா இறங்கிக்கோ.

நானா? வரலைம்மா. நீ போய்ட்டு வா.

காலையில போடலை. தபால்லயும் அனுப்பலை. நிஜமாத்தான் சொல்றேன், இன்னும் போடலை.

சிரிக்க மாட்டியே? இந்த வேலையில ஒரு முறை இருக்கு. எல்லார் வீட்டுக்கும் போகக் கூடாது. வருவாங்களோ மாட்டாங்களோன்னு இருக்கற வீட்டுக் கதவைத்தான் திரும்பத் திரும்பத் தட்டணும். கட்டாயம் வந்து போடுவாங்கன்னு தெரிஞ்ச வீட்டுல போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. அதுவும் நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்ததுதான். அதனால எங்க தெருவுல வலது பக்கத்து வீட்டைத் தட்டினா, இடது பக்கத்து வீட்டைத் தட்டினா, எதிர்ல அந்தக் குடிகாரன் வீட்டைக் கூடத் தட்டினா. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் காபி போட்டு வச்சுட்டு ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அவளுக்குப் பிடிச்ச கப்பை எடுத்து வச்சிருந்தேன். என் வீட்டு வாசலைத் தாண்டிப் போயிட்டே இருந்தா. லொரெய்ன் எங்க போகப் போறா, அவதான் போட்டுடுவாளேன்னு. இன்னிக்காவது ஒரு எட்டு வந்து கதவைத் தட்டி, கிளம்பிட்டியா லொரெய்ன்னு ஒரு வார்த்தை கேப்பான்னு, விடிஞ்சதுலேருந்து கோட்டை மாட்டிக்கிட்டு கதவு பக்கத்துல உக்காந்திருந்தேன். வரலை. அப்புறம் அந்தப் பையன்தான் போன் பண்ணான், உன்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி.

நம்ம கட்சி தோத்துட்டாவா? தோக்கலாம். ஒரு ஓட்டுல கூடத் தோக்கலாம், எனக்குத் தெரியாததா?

கையை விடு மிஸ்டி. உன் மனசு தங்கம், நீ கூப்பிடறது எனக்குச் சந்தோஷந்தான். ஆனா நீ இல்லம்மா. அவ கூப்பிடணும்.

ஐயையோ, அதை மட்டும் செஞ்சுடாதே. நீ போய்ச் சொன்னேன்னு வை, அவ ஓடித்தான் வருவா. ஓட்டுக்காக வருவா. அது எனக்கு வேணாம்.

போ, வரிசை நீளுது. கதவை நல்லா அழுத்திச் சாத்து, குளிர் உள்ள வருது. நான் இங்கயேதான் இருப்பேன், ஓட்டுப் பதிவை அவங்க மூடற வரைக்கும்.