சண்டைக்கார வாசகர்

— இதோட நிறுத்திக்கலாம் மாமா. மிச்சத்தை நாளைக்குப் படிக்கறேன்.

— நாளைக்கு நீ எங்கேம்மா இருப்பே? காலையில பஸ் ஏறிடுவே. படி, படி. அந்த ரிட்டயர்டு தபால்காரர் என்னதான் சொல்றார்?

— “சும்மா சொல்லக்கூடாது, ‘தோணித்துறைக்காரர்கள்’ புத்தகத்தை ஒரே மூச்சுல முடிச்சேன். நம்ம ஆத்தங்கரையோட சரித்திரத்தை இவ்வளவு நேரா யாரும் எழுதினதில்லை. பாலம் திறந்த அன்னிக்கு ஊரே மேல நின்னு கை தட்டுச்சு. கீழே தோணியில உக்காந்திருந்தவங்க முகத்தை இந்த ஆசிரியர் ஒருத்தர்தான் பார்த்திருக்கார்.”

— அடிசக்கை! மனுஷன் படிச்சிருக்கான்யா.

— சந்தோஷமா?

— சந்தோஷத்துக்கு என்ன குறைச்சல்? ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அந்த டீச்சரம்மாவும் “சும்மா சொல்லக்கூடாது”ன்னுதான் ஆரம்பிச்சாங்க. மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான். இப்போ தபால்காரரும்.

— ஒரே ஊர்க்காரங்க, ஒரே பேச்சு! நீங்கதானே எழுதியிருக்கீங்க, இந்தக் கரைக்காரங்க எதையும் நேரா ஆரம்பிக்க மாட்டாங்க, சுத்தி வளைச்சுத்தான் கரை ஏறுவாங்கன்னு.

— எழுதியிருக்கேனா? இருக்கும், இருக்கும். நீ கூட அப்படித்தான் பேசறே.

— சும்மா சொல்லக்கூடாது மாமா, உங்க காது பாம்புக் காது.

— கண்ணுக்கும் சேர்த்து அதுதானே உழைக்குது. சரி, கேளு. நாளையிலேர்ந்து எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து படிச்சுக் காட்டறேன்னுட்டார். இன்னிக்கே வரச் சொல்லியிருக்கேன். புத்தகக் கடைக்காரங்க இணையப் பக்கத்துல இந்தக் கருத்தெல்லாம் எங்கே இருக்குன்னு அவர் போன்ல காட்டிக் குடுத்துடு.

— தையல்காரரா? அவர் எதுக்கு?

— ஏன், அவருக்கு என்ன? கடையில பேப்பரை விளம்பரம் உட்பட சத்தம் போட்டுப் படிக்கிற ஆளு.

— அதான் சொல்றேன். எல்லாத்தையும் விளம்பரம் மாதிரியே படிப்பார். உங்க வாசகருங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு குரல் இருக்கு மாமா. அவர் படிச்சா அத்தனை பேரும் தையல்காரர் ஆயிடுவாங்க.

— ஆயிட்டுப் போகட்டும். அளவு சரியா இருந்தா சரி.

— அதுவும் இல்லாம, அந்தப் பக்கம் இனிமே திறக்காது போலிருக்கு. மூடப் போறாங்களாம்.

— காலையில திறந்துச்சே?

— காலையில திறந்துச்சு. இப்போ... ஏதோ மராமத்து நடக்குதாம்.

— இணையத்துல என்னம்மா மராமத்து, கொத்தனார் வந்திருக்காரா?

— கிண்டல் பண்ணாதீங்க. நான் போகல மாமா. அந்த வேலை வேண்டாம்னு எழுதிப் போட்டுடறேன்.

— ஏன்?

— யார் படிச்சுக் காட்டுவா?

— அதுக்காகவா? பெரிய ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே நீதான் பொறுப்பு. இந்த ஊர் லேபில ஊசி குத்திக் குத்தி எவ்வளவு காலம் காத்திருந்தே? கிழவனுக்குப் புத்தக விமர்சனம் படிக்கணும், அதனால வரலைன்னு எழுதினா சிரிக்க மாட்டாங்க?

— சிரிக்கட்டும். அவர் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?

— என் மகனா? “அப்பா, அவளை ஏம்ப்பா இந்த வீட்டுல பூட்டி வெச்சிருக்கே”ன்னு கேட்டிருப்பான். தினம் கேக்கறான். அந்தப் போட்டோவிலேர்ந்து.

— யாரும் என்னைப் பூட்டல.

— சரி, விடு. கடைசியா ஒண்ணே ஒண்ணு. நம்ம சண்டைக்காரர் எழுதியிருக்காரா?

— யாரு, எப்பவும் திட்டறவரா?

— அவரேதான். பாராட்டறவனெல்லாம் அட்டையைப் பார்த்துட்டும் பாராட்டலாம். திட்டறவன்தான் உள்ளே போய்ட்டு வந்திருப்பான். தோணிக்காரங்க பாட்டை நான் அழகுபடுத்திட்டேன்னு சொன்னாரே, நியாயம். பாலத்தைத் திட்டறியே, ஆஸ்பத்திரிக்குப் போக நீயும் அதுலதானே போனேன்னு கேட்டாரே, அதுவும் நியாயம். எனக்குன்னு மிஞ்சின ஒரே சிநேகிதர் அவர். என்ன எழுதியிருக்கார்?

— இருங்க... பார்க்கறேன். ஆங், இருக்கு. ரொம்பக் கோவமா எழுதியிருக்கார்.

— பேஷ். வரட்டும்.

— “ஐயா, உங்க புத்தகத்துல ஒரு இடம் எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை. வெள்ளத்துல மகனைப் பறிகுடுத்த தோணிக்காரர் கதை. மருமகளை அவரே தோணியில ஏத்தி அக்கரையில அவ பொறந்த வீட்டுல விட்டுட்டு, வெறும் தோணியோட திரும்பி வர்றாரே, அந்த இடம். படிக்கிறவங்க எல்லாம் ஆகா, என்ன தியாகம்னு உருகறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.”

— ம்.

— “அந்தப் பொண்ணு கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா அந்தப் பெரிய மனுஷன்? அக்கரைக்குப் போறியா, இருக்கறியான்னு? அவரா முடிவு பண்ணினார், அவரா துடுப்புப் போட்டார். அக்கரையில அவளுக்கு யார் இருக்கா? அண்ணன் இருக்கான், அண்ணி இருக்கா. பேச்சுத்துணை இருக்கா? அந்தத் தோணிவீட்டுல ராத்திரி ரெண்டு பேரும் பேசாம உக்காந்து வலை பின்னுவாங்களே, அந்த மாதிரி பேசாம இருக்க ஒரு ஆள் கிடைக்குமா? உங்க ஊர்க் கலாச்சாரம்னு பெருமையா எழுதிட்டீங்க. இது கலாச்சாரம் இல்லை ஐயா, கல் மனசு.” மாமா? தூங்கிட்டீங்களா?

— இல்லைம்மா. பதில் எழுது. “மதிப்புக்குரிய சண்டைக்காரருக்கு. கேக்கலைதான். கேட்டா அவ இருக்கேன்னு சொல்லுவா. சொன்னா அவன் மனசு சரின்னுடும். அந்த பயத்துலதான் கேக்கலை.” எழுதிட்டியா?

— எழுதிட்டேன்.

— அனுப்பு.

— அனுப்பிட்டேன். பதில் வந்துடுச்சு.

— அடேயப்பா! நான் இன்னும் வாயைக்கூட மூடலையே?

— போனைக் கையிலேயே வெச்சிருந்திருப்பார். “அந்தப் பொண்ணு இருக்கேன்னு சொன்னா என்ன தப்பு? இருந்துட்டுப் போறா. தோணி பாரம் தாங்காதா?”ன்னு கேக்கறார்.

— “தோணி தாங்கும். தோணிக்காரனுக்கு வயசாயிடுச்சு. நடு ஆத்துல அவன் போய்ட்டா, துடுப்புப் பிடிக்கத் தெரியாத பொண்ணு எந்தக் கரைக்குப் போவா? அவன் தெம்பா இருக்கிறப்பவே கரை சேர்க்கணும்.” இதை எழுது.

— “அவளுக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

— இது அவர் கேக்கறாரா?

— அவர்தான். வேற யாரு?

— நல்ல ஆளு. கெட்டிக்காரர். அவர் கிட்ட எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருக்கு. கேட்டுச் சொல்லு.

— என்ன?

— அந்த அத்தியாயத்தை எங்கே படிச்சார்?

— எங்கேன்னா... புத்தகத்துலதான். கடைசிக்கு முந்தின அத்தியாயம்.

— புத்தகத்துல அது இல்லையேம்மா.

— என்ன சொல்றீங்க? நான்தானே டைப் அடிச்சேன். அடிக்கிறப்போ நடுவுல எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தேன்.

— நீ அடிச்சே. நான் அச்சகத்துக்குப் போய் எடுக்கச் சொல்லிட்டேன். நம்ம வீட்டைத் தூக்கிச் சந்தையில வெச்ச மாதிரி இருந்துச்சு. அப்போ ஒரு கண்ணாவது சுமாரா வேலை செஞ்சுது, நானே தனியாப் போயிட்டு வந்தேன். உனக்குச் சொல்லலை. அச்சாகி வந்ததும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.

— அச்சாகி வந்ததை நான்...

— நீ பிரிச்சே பார்க்கலை.

— எல்லாம் எனக்கு மனப்பாடம் மாமா. எதுக்குப் பிரிக்கணும்னு...

— ஆக, என் புத்தகத்தைப் படிக்காத வாசகருங்கள்ல நீயும் ஒருத்தி.

— மாமா, அந்தச் சண்டைக்காரர் வந்து...

— நீதான்.

— ...ஆமா.

— தபால்காரர்?

— நான்தான்.

— டீச்சரம்மா, மருந்துக்கடை?

— எல்லாம் நான்தான். அந்தப் பக்கத்துல உங்க புத்தகத்துக்குக் கீழே ஒரே ஒரு கருத்துதான் இருக்கு மாமா. பார்சல் கிழிஞ்சு வந்துச்சாம். புத்தகத்தைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. நம்ம ஊர், நம்ம ஆறு, நம்ம சரித்திரம்னு எழுதினீங்க. ஊர் திரும்பிக்கூடப் பார்க்கலை. உங்க மகன் போனதும் நீங்க அந்தப் புத்தகத்துலதான் உசுரை வெச்சிருந்தீங்க. சாப்பாட்டைத் தொடலை. நான் என்ன பண்ணுவேன்? ஒரு நாள் ஒரு டீச்சரம்மாவை உண்டாக்கினேன். ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டீங்க. அப்புறம் நிறுத்த முடியலை.

— தெரியும்மா.

— என்ன தெரியும்?

— ஆரம்பத்துலயே தெரியும். இந்த ஊர்ல புத்தகம் படிச்சுட்டு அழுத டீச்சர் யாரும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரியாதா?

— அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?

— நீ படிச்சே. அதான். லேபிலேர்ந்து வந்ததும் வராததுமா எதிர்ல வந்து உக்காருவே. அந்த நேரம் வீட்டுல ரெண்டு பேர் இருந்தோம். சண்டைக்காரர் வந்தப்புறம் மூணு பேர்.

— அப்போ நான் போகலை. இனிமே பொய்யும் வேண்டாம், சும்மா பேசிக்கிட்டு இருப்போம்.

— போகணும்மா. தோணிக்காரன் கேக்கலைன்னுதானே கோவம்? இப்போ கேக்கறேன். அந்த வேலை உனக்கு வேணுமா, வேண்டாமா? என்னை விட்டுடு. உன் மனசைச் சொல்லு.

— ...வேணும்.

— அவ்வளவுதான்.

— வேணும்தான். ஆனா எப்படி மாமா போறது? கண் ஆபரேஷன் பண்ணியும் புகை மூட்டம்தான்னீங்க. அடுப்பு எங்கே, படி எங்கேன்னு தடவிக்கிட்டு நிக்கிற ஆளைத் தனியா விட்டுட்டு நான் எப்படி பஸ் ஏறுவேன்? எந்தத் தைரியத்துல?

— கண்ணைத் துடைச்சுட்டுப் பெட்டியைக் கட்டும்மா. தினம் அணைஞ்சு கிடக்கிற போனைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நீ பக்கம் பக்கமா வாசிக்கிற அழகை, நான் ஒரு நாள்கூடப் பார்க்காம விட்டதில்லை.